லாரி வரும் நாளில் நாலு

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கட்டும்போது அது அறையே இல்லை. டாக்டரின் அறைக்கும் மருந்து கொடுக்கும் இடத்துக்கும் நடுவில் விட்ட நடை. பிறகு யாரோ ஒரு மேஜையையும் இரண்டு முக்காலியையும் போட்டு, இரு முனையிலும் கதவு வைத்து, நர்ஸ் ஒருத்தியை உட்கார வைத்தார்கள். ஒரு கதவு டாக்டரிடம் போகும். மறு கதவு வெளியே போகும். பக்கச் சுவரில் ஒரு சதுர ஓட்டை. அதன் வழியாக மருந்தாளரின் கைகள் வந்து போகும். ஒன்பது வருடத்தில் அவர் முகத்தை அவள் பார்த்தது பத்துத் தடவை இருக்கலாம். கைகளைப் பார்த்தே அன்று வீட்டில் சண்டையா இல்லையா என்று சொல்லிவிடுவாள்.

மூட்டு நோய்ப் பிரிவில் அவளுடைய வேலை மருந்து சொல்வது. டாக்டர் சீட்டில் எழுதியதை மாத்திரையாக மேஜைமேல் பரப்பி, எது, எத்தனை, எப்போது, எதற்கு என்று சொல்வாள். சொல்லி முடித்ததும் எல்லாவற்றையும் கையால் கலைத்துவிடுவாள்.

"இப்ப நீங்கதான் நர்ஸ். நான் நோயாளி. திரும்பச் சொல்லுங்க."

ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் முகத்தைச் சுளித்தார். "என் வீட்டுக்காரி சொல்றதையே நான் திரும்பச் சொன்னதில்லம்மா."

"அதான் முட்டி இப்படி வீங்கிக் கிடக்கு. சொல்லுங்க."

அவருக்கு இது பிடித்துப்போய், வரிசையில் நின்ற எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவள் 'திரும்பச் சொல்லு அக்கா'. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஒரு ஆளுக்கு ஆறு நிமிஷம். ஆறு நிமிஷத்தில் அவளுக்குத் தெரிந்துவிடும், எதிரே இருப்பவருக்குப் படிக்க வருமா, கடிகாரம் பார்க்கத் தெரியுமா, வீட்டில் எடுத்துக் கொடுக்க ஆள் உண்டா என்று. படிக்க வராதவரிடம் கிழமையோ மணியோ சொல்லமாட்டாள். அவர் வாழ்க்கையில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஏதாவது ஒன்றில் மாத்திரையை முடிந்து விடுவாள். பல் தேய்த்ததும் இது. கடையைச் சாத்தியதும் அது. முடிச்சு அவிழாது. மற்றப் பிரிவுகளிலிருந்து நர்ஸுகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

"உன்னை விட்டா இதுக்கு ஆளில்ல" என்பாள் தலைமை நர்ஸ்.

முதலில் அது பாராட்டாக இருந்தது. மாறுதல் கேட்டு இரண்டு தடவை எழுதிக் கொடுத்தபோது அதே வாக்கியம் பதிலாக வந்தது. உன்னை விட்டா இதுக்கு ஆளில்ல.

அவளுடைய கணவர் இறந்து ஆறு வருடம். ஆஸ்பத்திரிக் குடியிருப்பில் ஒரு அறை, ஒரு சமையலறை. சலவைக் கூடத்தின் சுவருக்குப் பின்னால் இருப்பதால் எப்போதும் வெந்நீர் வாடை. மகளைத் தங்கை கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ரயிலில் ஒன்பது மணி நேரம் தள்ளி இருக்கும் ஊர். மகளுக்குப் பதினொன்று ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் பேசுவார்கள். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் மற்ற நாட்களிலிருந்து வேறாக இருக்கும்.

"அம்மா, நான் சொன்னதைத் திரும்பச் சொல்லு பார்ப்போம்."

"கணக்குல எழுபத்தெட்டு. ஓட்டத்துல மூணாவது. ரிப்போர்ட்ல கையெழுத்து வேணும்."

"அது வேண்டாம். சித்தி போட்டுட்டாங்க."

மூன்றாவது மனுவுக்கு ஆர்டர் வந்தது. தங்கை இருக்கும் ஊரில், தடுப்பூசி நிலையத்தில். தலைமை நர்ஸின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அந்தக் காகிதம் இருந்தது. மாசக் கடைசியில் விடுவிக்க வேண்டும். ஒரு கையெழுத்துதான் பாக்கி.

இஸ்திரிக்காரர் வந்தது அதற்கு முந்தைய மாதம், ஒரு திங்கட்கிழமை.

இரண்டாவது தடவையாக வந்திருந்தார். போன வருஷம் இதே மாத்திரையைக் கொடுத்து, கை விரல்கள் நிமிர்ந்து, நிமிர்ந்ததும் அவராகவே நிறுத்திவிட்டார். இப்போது விரல்கள் பெட்டியின் பிடியைப் பிடித்தபடியே உறைந்துவிட்டவை போல இருந்தன. காலியாக இருக்கும்போதும் எதையோ பிடித்துக்கொண்டிருந்தன.

அந்த மாத்திரைக்கு ஆஸ்பத்திரியில் வார மாத்திரை என்று பெயர். வாரத்தில் ஒரே ஒரு நாள், நாலு மாத்திரை. அப்படிப் போட்டால் மூட்டு வீக்கம் இறங்கும். தினமும் போட்டால் உடம்பில் ரத்தம் ஊறுவதையே நிறுத்திவிடும். முதலில் வாய் புண்ணாகும். அதற்குள் கண்டுபிடிக்காவிட்டால் அப்புறம் கண்டுபிடித்துப் பயனில்லை. அதனால் அவள் இந்த ஒரு மாத்திரைக்கு மட்டும் ஆறு நிமிஷத்தைப் பத்தாக்கிக்கொள்வாள்.

"கிழமை சொன்னா ஞாபகம் இருக்குமாண்ணே?"

"கிழமையா? எனக்கு எல்லா நாளும் ஒரே நாள்தாங்க்கா. ஞாயித்துக்கிழமைன்னா சட்டை கசங்காதா?"

"வாரத்துல ஏதாவது ஒரு நாள் வேற மாதிரி இருக்கும். யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் யோசித்தார். "தண்ணி லாரி வர்ற நாள். அன்னைக்கு மட்டும் வண்டியை அப்படியே போட்டுட்டுக் குடத்தோட ஓடுவேன். தண்ணி தெளிக்காம துணி தேய்க்க முடியாதே."

"வாரத்துக்கு எத்தனை தடவை வரும்?"

"ஒரு தடவைதான். அதுல தவறாது. நானே செத்தாலும் அது வந்துடும்."

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு அழகாக எதுவும் அமைந்ததில்லை.

"லாரி வர்ற நாள்ல நாலு. லாரி போன மறுநாள் இந்தச் சத்து மாத்திரை ஒண்ணு. லாரி வராத நாள்ல வார மாத்திரையைத் தொடவே கூடாது."

கலைத்தாள். அவர் மடங்கிய விரலாலேயே மாத்திரைகளைத் தள்ளித் தள்ளிப் பிரித்துச் சொன்னார். லாரி வர்ற நாள்ல நாலு. மறுநாள் ஒண்ணு. வராட்டி தொடறதில்ல. மூன்று தடவை சொல்லச் சொன்னாள். மூன்று தடவையும் ஒரு சொல் பிசகவில்லை.

"போன தடவை மாதிரி உங்க இஷ்டத்துக்கு எதையாவது செஞ்சீங்க, நான் பொல்லாதவளாயிடுவேன். மாத்திரையைப் பத்தி நீங்க யோசிக்கவே கூடாது. யோசிக்கிறது என் வேலை. போடறது உங்க வேலை."

"சரிக்கா."

"சந்தேகம் வந்தாலும் விடக்கூடாது."

"விடமாட்டேங்க்கா."

எழுந்தவர் தயங்கி நின்றார். ஒரு மாதத்துக்குத்தான் மருந்து தருவார்கள். மறுபடி வர ஒரு நாள் போகும். ஒரு நாள் வண்டி போடாவிட்டால் வாடிக்கைக்காரர்கள் அடுத்த தெரு வண்டிக்குப் போய்விடுவார்கள். அவள் ஒரு துண்டுச் சீட்டில் 'எட்டு வாரத்துக்குக் கொடுக்கவும்' என்று எழுதி ஓட்டையில் நீட்டினாள். ஒரு விரலைக் காட்டியபடி கை வெளியே வந்தது. ஒரு மாதம், விதி. அவள் சீட்டை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினாள். கை சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, முப்பத்திரண்டு மாத்திரைகளை எடுத்து வைத்தது.

இரண்டு வாரம் கழித்து, இன்னொரு திங்கட்கிழமை. காலை பத்தரை. வெளியே நாற்பத்து மூன்று பேர். அவள் ஒரு பள்ளிக்கூட ஆசிரியைக்கு மருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். துடைப்பத்தோடு ரேடியோ உள்ளே வந்தாள். துப்புரவு வேலை செய்பவளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

"காலைத் தூக்குங்கக்கா. கேட்டீங்களா, எங்க பக்கம் இப்ப ராஜ வாழ்க்கை."

"ஏன், உன் வீட்டுக்காரர் வேலைக்குப் போயிட்டாரா?"

"அந்த அதிசயமெல்லாம் நடக்குமா? தண்ணிக்கா. பெரிய குழாய் வெடிச்சுப் போச்சாம். சரி பண்ற வரைக்கும் தினமும் லாரி. போன செவ்வாய்லேருந்து ஒரு நாள் விடல. நேத்து குளிச்சேன், அப்புறம் சும்மாவே இன்னொரு தடவை குளிச்சேன்."

ஆசிரியை சிரித்தாள். நர்ஸின் விரல் ஒரு மாத்திரையின்மேல் இருந்தது. அதை எடுக்கவில்லை.

"காலையில ரெண்டு, சாப்பிட்ட பிறகு" என்றாள் ஆசிரியை. "சரியா சொன்னேனா?"

"திரும்பச் சொல்லுங்க."

"இப்பத்தானே சொன்னேன்?"

அவள் ரேடியோவைப் பார்த்தாள். "உங்க பக்கத்துல ஒரு இஸ்திரிக்காரர். கை மடங்கியிருக்கும்."

"மளிகைக் கடைக்கு எதிர்ல வண்டி போடறவரா?"

"அவர் தெருவுக்கும் வருதா?"

"முதல்ல அவர் தெருதான்! அங்க வழிய வழிய ஊத்திட்டு, எங்க தெருவுக்கு வரும்போது பாதி லாரி. இதைக் கேட்க நாதி இல்ல..."

செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. ஆறு. அவள் மேஜைக்கு அடியில் விரல் விட்டு எண்ணினாள். தினமும் லாரி. தினமும் நாலு. இன்று ஏழாவது.

டாக்டரின் அறையில் ஒருவர் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் நின்றபடியே சொன்னாள். டாக்டர் பேனாவை மூடவில்லை.

"தினமும் போட்டார்னு தெரியுமா, நினைக்கிறீங்களா?"

"நினைக்கிறேன்."

"ரெண்டாவது நாளே அவருக்கு ஒரு சந்தேகம் வந்திருக்காதா?"

"வந்தாலும் விடக்கூடாதுன்னு சொல்லி அனுப்பியிருக்கேன்."

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கெட்டவர் இல்லை. வெளியே நாற்பத்து மூன்று பேர். "தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லுங்க. இருந்தா உடனே அட்மிட் பண்ணிடலாம். ஆனா நீங்க எழுந்து போனா இந்த வரிசை நின்னுடும்."

இஸ்திரிக்காரர் இருக்குமிடம் பஸ்ஸில் ஒரு மணி நேரம். அவரிடம் போன் கிடையாது. கோப்பு அறைக்கு இன்னும் போகாமல் மேஜையிலேயே இருந்த அவருடைய அட்டையில் மளிகைக் கடைக்காரரின் நம்பர் இருந்தது, அவளே எழுதியது. ஆனால் அந்த அறைக்குள் சிக்னல் எடுக்காது. மருந்து ஓட்டைக்குள் தலையைச் சாய்த்தால் ஒரே ஒரு கோடு வரும். அவள் ஓட்டையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, காதை உள்ளே நீட்டிப் பேசினாள். மருந்தாளரின் கைகள் ஒரு அங்குலத் தூரத்தில் அசையாமல் இருந்தன.

"யாரு?"

"ஆஸ்பத்திரியிலேருந்து பேசறேன். இஸ்திரிக்காரர் உங்க நம்பரைக் குடுத்திருக்காரு."

"அவன் எல்லா இடத்துலயும் என் நம்பரைத்தான் குடுப்பான். என் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு பேர் என்னைத் தேடினதில்ல. என்ன விஷயம்?"

"எப்படியிருக்காரு?"

"வாயெல்லாம் புண்ணு. மூணு நாளா வண்டி போடல. சூட்டு உடம்பு அவனுக்கு. நான்தான் தேன் தடவிக்கச் சொன்னேன்."

அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"இன்னைக்கு லாரி வந்துடுச்சா?"

"நீங்க நோயைக் கேக்கறீங்களா, தண்ணியைக் கேக்கறீங்களா? இதோ இப்பத்தான் வந்து நிக்குது. சத்தம் கேக்கல?"

கேட்டது. குடங்கள் இடித்துக்கொள்ளும் சத்தம். யாரோ ஒருத்தி யாரையோ வரிசையை விட்டு விலகச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இப்பவே எழுந்து அவர் வீட்டுக்குப் போங்க. தண்ணி பிடிச்சதும் நாலு மாத்திரை போடுவாரு. போட விடாதீங்க. வாங்கி வெச்சுக்குங்க. வாயில போட்டுட்டாருன்னா துப்பச் சொல்லுங்க. அப்படியே அவரை வண்டியில ஏத்திட்டு இங்க வாங்க. மாத்திரைப் பட்டையெல்லாம் எடுத்துட்டு வாங்க. காலிப் பட்டையும்."

"கடையை யாரு பாத்துக்கறது?"

"திரும்பச் சொல்லுங்க."

"என்னது?"

"நான் சொன்னதைத் திரும்பச் சொல்லுங்கண்ணே."

"நான் என்ன உங்க நோயாளியா?"

"மாத்திரையை என்ன பண்ணுவீங்க?"

மறுமுனையில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கும் சத்தம் கேட்டது.

"வாங்கி வெச்சுக்குவேன்" என்றார். குரல் மாறியிருந்தது. "வாயில இருந்தா துப்பச் சொல்லுவேன். ஏத்திட்டு வருவேன். காலிப் பட்டையோட. ஏம்மா, உயிருக்கு ஒண்ணும்..."

"ஓடுங்கண்ணே."

தலையை ஓட்டையிலிருந்து எடுத்தபோது காதில் விளிம்பின் தடம் பதிந்திருந்தது. டாக்டரிடம் போய்ச் சொன்னாள். அவர் இந்தத் தடவை பேனாவை மூடிவிட்டு ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதி, வார்டுக்குப் போன் செய்து தனி அறை ஒன்றைக் கேட்டார். பிறகு அவள் முக்காலிக்குத் திரும்பினாள்.

ஒரு மணி நேரத்தில் ஒன்பது பேருக்கு மருந்து சொன்னாள். ஒன்பது பேரும் சரியாகத் திரும்பச் சொன்னார்கள். ஒவ்வொரு சரியும் அவளுக்குப் பயமாக இருந்தது. அவரும் சரியாகத்தான் சொன்னார். மூன்று தடவை. லாரி இன்னொரு நாளும் வந்தால் என்ன செய்வீங்க என்று ஒரு கேள்வி. அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. தன் சாமர்த்தியத்தைப் பார்த்துத் தானே மயங்கி உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

நடுவில் ஓட்டை வழியாக ஒரு கை வந்தது. மருந்து இல்லை. 'எட்டு வாரத்துக்குக் கொடுக்கவும்.' அவளுடைய துண்டுச் சீட்டு.

"கோப்புல குத்தி வெச்சிருந்தேன்" என்றது குரல். "இப்ப அங்க இல்ல. கிழிக்கிறதுன்னா கிழிச்சுடுங்க. நான் எதையும் பாக்கல."

அவள் அதை மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

மளிகைக் கடைக்காரர் தன் சரக்கு வண்டியிலேயே கொண்டு வந்து இறக்கினார். இஸ்திரிக்காரரின் முதுகில் மாவு மூட்டையின் வெள்ளை அப்பியிருந்தது. வாயை ஒரு துண்டால் பொத்தியிருந்தார். அவளைப் பார்த்ததும் அவர் கண்கள் சிரித்தன. பேச முடியவில்லை. நாலு விரலை நீட்ட முயன்றார்; நீளவில்லை; மடங்கிய கையை நாலு தடவை ஆட்டினார். பிறகு மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து மேஜைமேல் வைத்தார். காலிப் பட்டைகள். வந்த வரிசையிலேயே அடுக்கி நூலால் கட்டியிருந்தார். தப்பாமல் போட்டதற்கு அத்தாட்சி.

"முழுங்க முடியலன்னு மூடியில போட்டு இடிச்சுக்கிட்டிருக்கான்" என்றார் கடைக்காரர். "தம்ளர் அடியால. நான் பிடுங்கறேன், இவன் விடமாட்டேங்கறான். அக்கா திட்டுவாங்க, அக்கா திட்டுவாங்கன்னு ஜாடை காட்டறான். யாருடா அந்த அக்கான்னு நினைச்சேன்."

ஒரு காகிதப் பொட்டலத்தில் அந்தப் பொடி இருந்தது. அவள் பட்டைகளில் காலிக் குழிகளை எண்ணினாள். முப்பத்திரண்டு. நாலு இந்தப் பொடி. முறைப்படி இந்த இரண்டு வாரத்தில் அவர் போட்டிருக்க வேண்டியது எட்டு. உள்ளே போயிருப்பது இருபத்தெட்டு.

ரத்தப் பரிசோதனை மத்தியானம் வந்தது. நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் பெயருக்குத்தான் இருந்தன. கதவு சாத்திய தனி அறையில் போட்டார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, மாத்திரையை முறிக்கும் ஊசி. யாரும் உள்ளே போகக் கூடாது, ஒரு சளி போதும் அவரைக் கொண்டுபோக. வேலை முடிந்ததும் அவள் கதவிலிருந்த சிறு கண்ணாடிக்கு முன்னால் போய் நிற்பாள். முதல் மூன்று நாள் அவர் கண்ணைத் திறக்கவில்லை. காய்ச்சல். நாலாவது நாள் அவளை அடையாளம் கண்டு, எழுந்து உட்காரப் பார்த்தார். அவள் கையால் படுக்கச் சொன்னாள். உடனே படுத்துக்கொண்டார். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது, அந்த உடனே.

தன் அறைக்கு அவளைக் கூப்பிட்ட தலைமை நர்ஸ் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "உட்காரு."

"நிக்கிறேன்க்கா."

"டாக்டர் குறிப்பு எழுதிட்டார். 'நோயாளி வார மருந்தைத் தவறுதலாகத் தினமும் உட்கொண்டார்.' இதுல பொய் ஒண்ணும் இல்லையே?"

"இல்ல."

"அப்ப இந்தப் படிவம் எதுக்கு?"

படிவம் அவள் கையில் இருந்தது. மருந்துப் பிழை நடந்தால் நர்ஸ் எழுதிக் கொடுக்க வேண்டிய மஞ்சள் தாள். அங்கிருந்த அலமாரியில் ஒரு கட்டு அப்படியே பிரிக்காமல் கிடந்தது.

"அவர் தவறுதலா எதுவும் செய்யல. நான் சொன்னபடி செஞ்சார்."

"அதை உன்னை யாராவது கேட்டாங்களா? இது மேல போனா விசாரணை. விசாரணை முடியற வரைக்கும் உன்னை விடுவிக்க எனக்கு அதிகாரம் கிடையாது." கண்ணாடிக்கு அடியிலிருந்த ஆர்டரை விரலால் தட்டினாள். "ஒன்பது வருஷம் கழிச்சு வந்திருக்கு. உன் பொண்ணை நினைச்சுப் பாரு. அந்தாளு பிழைச்சுக்குவான்."

"இன்னும் பதினேழு பேர் இருக்காங்க."

"எந்தப் பதினேழு பேர்?"

"இதே மாத்திரை. இதே மாதிரி நான் முடிஞ்சு விட்டவங்க. ஒருத்தருக்குக் குப்பை வண்டி வர்ற நாள். ஒரு அம்மாவுக்கு மருமகன் வீட்டுக்கு வர்ற நாள். ஒருத்தருக்கு முடிவெட்டற கடை லீவு நாள். அவங்களை உடனே தேடிப் பிடிக்கணும். விலாசம் கோப்பு அறையில இருக்கு. இந்தப் படிவம் இல்லாம சாவி தரமாட்டாங்க."

தலைமை நர்ஸ் மேஜைமேலிருந்த பேப்பர்வெயிட்டைச் சுற்றிவிட்டு, அது நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்னைக் கெட்டிக்காரின்னு ஊர் பூரா சொன்னவ நான்" என்றாள்.

அவள் நின்றபடியே எழுதினாள். நடந்தது என்ன என்ற கட்டத்தில்: நோயாளி சொன்னபடி செய்தார். சொன்னது போதவில்லை. யார் சொன்னது என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதினாள். சட்டைப் பையிலிருந்து துண்டுச் சீட்டை எடுத்து ஓரத்தில் குத்தினாள். 'என் வற்புறுத்தலால் கொடுக்கப்பட்டது' என்று அதன் கீழே எழுதினாள்.

பதினேழு பேரையும் கண்டுபிடிக்க எட்டு நாள் ஆயிற்று. பதினாறு பேர் சரியாக இருந்தார்கள். பதினேழாவது ஆள் நம்பியிருந்த முடிவெட்டற கடைக்காரன் ஊரை விட்டே போய் மூன்று மாதம்.

"கடை திறக்கவே இல்லையேக்கா" என்றார் அந்தப் பதினேழாவது ஆள். கால் தூண் போல வீங்கியிருந்தது. "அப்ப தினமும் லீவா, இல்ல லீவே இல்லையா? யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். தலை சுத்துச்சு. விட்டுட்டேன்."

அவர் அந்த வேளையில் யோசித்தார் என்பதற்காக அவருக்கு நன்றி சொல்லவேண்டும் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் முதலில் கேட்டாள். "என்னைக்கு வர்றே? ஸ்டேஷனுக்கு நானும் வருவேன்னு சித்திகிட்டச் சொல்லிட்டேன்."

"கொஞ்சம் தள்ளிப் போயிருக்குடா."

"எவ்வளவு?"

"தெரியல."

மகள் திரும்பச் சொல்லச் சொல்லவில்லை. "சரி" என்றாள். "சித்தி கூப்பிடறாங்க."

பதினாறாவது நாள் இஸ்திரிக்காரரை வீட்டுக்கு அனுப்பினார்கள். தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்திருந்தது. விசாரணைக் குழு ஒரு முறை கூடி, மறு தேதி குறிக்காமல் கலைந்திருந்தது. குழு சொன்ன ஒரே விஷயம், முடிவு வரும் வரை அவள் அதே இடத்தில் வேலை செய்யட்டும் என்பது. மருந்தாளருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதற்குப் பிறகு அவர் கைகள் அவளிடம் எதுவும் பேசுவதில்லை. மருந்தை வைத்துவிட்டுப் போய்விடும்.

டாக்டர் இஸ்திரிக்காரருக்கு வேறு மாத்திரை எழுதியிருந்தார். தினமும் ஒன்று. ஒரு மாதத்துக்கு முப்பது.

அவள் ஒரே ஒரு மாத்திரையை மேஜைமேல் வைத்தாள்.

"தினமும் ஒண்ணு. காலையில சாப்பிட்டதும்."

"தினமும் ஒண்ணு. காலையில சாப்பிட்டதும்." புண் ஆறிய வாயால் சொற்களைப் பத்திரமாக வெளியே வைத்தார். "லாரி வந்தாலும் வராட்டியும்." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

"ஒரு நாள் மறந்துட்டீங்கன்னா?"

"மறுநாள் ரெண்டா போடக்கூடாது. வழக்கம்போல ஒண்ணுதான்."

"வாயில புண்ணு வந்தா? காய்ச்சல் வந்தா?"

"அப்பவே நிறுத்திட்டு வந்துடுவேன். தேன் தடவிக்க மாட்டேன்."

"நான் சொன்னது தப்போன்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா?"

அவர் சிரிப்பு நின்றது. "நீங்க தப்பா சொல்லமாட்டீங்கக்கா."

"சொல்லுவேன். சொன்னேன்ல? அப்ப என்ன செய்வீங்க?"

அவர் மாத்திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மடங்கிய விரல்களால் மேஜையின் விளிம்பைத் தேய்த்தார். டாக்டரின் பக்கத்துக் கதவை யாரோ தட்டினார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. மறுபடி தட்டினார்கள். ஆறு நிமிஷம் தாண்டி வெகு நேரமாகியிருந்தது.

"கடைக்காரர் போன்ல உங்களைக் கேப்பேன்" என்றார் கடைசியில். "கேட்டுட்டுத்தான் போடுவேன்."

"என் நம்பர் இருக்கா?"

"கடைச் சுவத்துல எழுதி வெச்சிருக்கார். பெரிசா." பிறகு எழுந்து, கதவில் கை வைத்துக்கொண்டு, ஏதோ ஞாபகம் வந்தவராகத் திரும்பினார். "ஆனா நீங்க இங்கதானேக்கா இருப்பீங்க?"

"இங்கதான் இருப்பேன்."

அவர் போனதும் அவள் மேஜையின் ஒரு பக்கத்தைத் தூக்கி இழுத்து, முக்காலியை மருந்து ஓட்டைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். அங்கே உட்கார்ந்தால் சுவரில் தோள் இடிக்கும். ஆனால் ஓட்டைக்குள் வைத்தால் போனில் ஒரு கோடு வரும்.

"வாங்க" என்றாள், கதவைப் பார்த்து.